கட்சிக்காரர் கீழே நிற்கிறார்: வழக்கறிஞர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களில் தொழில் செய்யும் வழக்கறிஞர்களுக்கு வணக்கம்.

எங்கள் குடும்பத்துப் பாகப்பிரிவினை வழக்கு ஆறு வருடம் நடந்தது. நீதிமன்றம் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில். எனக்கு மூன்று வயதில் போலியோ வந்தது. வலது காலில் காலிப்பர், கையில் ஊன்றுகோல். படிகள் இருபத்திரண்டு. முதல் வாய்தாவன்று குமாஸ்தாவும் இன்னொருவரும் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். வராந்தாவில் நின்றவர்கள் அத்தனை பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அன்று மாலை என் வழக்கறிஞர், "நீங்க எதுக்கு சிரமப்படணும், நான் பார்த்துக்கறேன்" என்றார். நல்ல மனிதர், அக்கறையோடுதான் சொன்னார். அதற்குப் பிறகு என் வழக்கில் யார் என்ன வாதாடினார்கள் என்பதைக் கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாட்சி சொல்ல மட்டும் இன்னொரு முறை தூக்கிப்போனார்கள்.

தீர்ப்பில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த ஆறு வருடத்தில் "இந்தப் படிக்கு ஒரு மனு போடலாமே" என்று எங்கள் இருவரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. அதை நினைத்துத்தான் இந்தக் கடிதம்.

மனு போட இடமிருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12-ஆம் பிரிவு நீதிமன்றத்தைப் பற்றியேதான் பேசுகிறது. எந்த நீதிமன்றத்தையும், தீர்ப்பாயத்தையும், விசாரணை அமைப்பையும் நாங்கள் பாகுபாடு இல்லாமல் அணுக அரசு வழிசெய்ய வேண்டும். சாட்சியத்தையும் வாதத்தையும் எங்களுக்கு ஏற்ற மொழியில், எங்களுக்கு ஏற்ற முறையில் பதிவுசெய்ய வசதி வேண்டும் என்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்திலும் அதே 12-ஆம் பிரிவுதான் எங்களுக்கு இலவச சட்ட உதவி தருகிறது, வருமான வரம்பு பார்க்காமல். எனக்கு இது வழக்கு முடிந்த பிறகுதான் தெரிந்தது.

படித்துப் பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. இந்தச் சட்டத்துக்கு உயிர் வந்ததெல்லாம் யாரோ ஒரு கட்சிக்காரரும் அவருக்காக நின்ற ஒரு வழக்கறிஞரும் விடாமல் இருந்ததால்தான். நம் மாநிலத்திலிருந்து போன வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுபது விழுக்காடு பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் சிவில் நீதிபதி பதவிக்கு விண்ணப்பித்தார். நாற்பதிலிருந்து ஐம்பது விழுக்காடு வரை குறைபாடு உள்ளவர்களுக்குத்தான் இடம் என்ற விதியைக் காட்டி மறுத்தார்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்த விதி சரிதான் என்று சொல்லிவிட்டது. அத்தோடு கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை இறுகிப்போகும் நரம்புக் கோளாறு உள்ள குடிமைப்பணித் தேர்வர் ஒருவர், தேர்வில் தனக்காக எழுத ஓர் ஆள் கேட்ட வழக்கில், அதே நீதிமன்றம் முந்தைய தீர்ப்பைக் கடுமையாக விமர்சித்தது. ஒருவருக்குத் தேவையான நியாயமான ஏற்பாட்டைச் செய்துகொடுத்தால் அவரால் அந்த வேலையைச் செய்ய முடியுமா என்று பார்க்காமலே எழுதப்பட்ட தீர்ப்பு அது என்றது. நாற்பது விழுக்காடு குறைபாடு இருந்தால்தான் உதவி என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. பிறகு 2025 மார்ச் 3 அன்று, பார்வையற்றவர் என்பதற்காக ஒருவரை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி ஆர். மகாதேவன், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த விசாரணை, பார்வையற்ற தேர்வர் ஒருவரின் தாய் தலைமை நீதிபதிக்கு எழுதிய ஒரு கடிதத்திலிருந்து தொடங்கியது. அதைப் படித்த பிறகுதான் எனக்கும் எழுதத் துணிவு வந்தது.

கட்டடங்களுக்கும் தீர்ப்பு இருக்கிறது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் அரசு வகுத்த விதிகளில், அணுகல் வசதியை வெறும் பரிந்துரை போல வைத்திருந்த 15-ஆம் விதி அந்தச் சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. பத்தொன்பது வருடம்! சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மறுபடியும் ஓடுவதற்குப் பின்னாலும் உயர் நீதிமன்றத்தில் நம் செயற்பாட்டாளர்கள் நடத்திய நீண்ட வழக்கு இருக்கிறது.

சரி, இவையெல்லாம் டெல்லியிலும் சென்னையிலும் நடந்தவை. எங்களில் பெரும்பாலோருக்கு நீதிமன்றம் என்றால் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் இருப்பதுதான். அங்கே இந்தத் தீர்ப்புகளைக் கொண்டுவந்து நீதிபதி முன் வைக்க உங்களை விட்டால் ஆளில்லை.

குறுக்கு விசாரணையில் "கண் தெரியாத உனக்கு ஆளை எப்படி அடையாளம் தெரிந்தது?" என்ற கேள்வி வந்தால் எதிர்ப்புத் தெரிவியுங்கள். பார்வையற்ற பெண் ஒருவர் குரலை வைத்து அடையாளம் காட்டிய வழக்கில், அந்தச் சாட்சியம் மற்றவர்களுடையதைவிடத் தாழ்ந்தது அல்ல என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் பகுதி நீதிமன்றங்களில் எவை மாடியில் நடக்கின்றன, எங்கே சாய்தளம் இல்லை, எங்கே கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையாது என்று சங்கமே எழுதி முதன்மை மாவட்ட நீதிபதியிடம் கொடுங்கள். ஒரு தனி ஆள் கொடுக்கும் மனுவுக்கும் சங்கம் கொடுக்கும் மனுவுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதுவரை, மாற்றுத்திறனாளி ஒருவர் கட்சிக்காரராக வந்தால் விசாரணையைத் தரைத்தளத்து அறைக்கு மாற்றக் கேளுங்கள். வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போதே "உங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டும்?" என்றும் கேட்டுவிடுங்கள். "நான் பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் வழக்கை நாங்களும் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவில் காது கேளாத, பேச இயலாத பெண் ஒருவர் இருக்கிறார். அடுத்த மாதம் அவருடைய ஜீவனாம்ச வழக்கு விசாரணைக்கு வருகிறது. "அக்காவுக்குப் பதிலா நானே பேசிடறேன் அண்ணா" என்கிறான் தம்பி. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, சைகைமொழி மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்திலேயே ஆஜரானதை அவர்களுக்குச் செய்தியாகக் காட்டினேன். அந்தப் பெண் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, தானே சாட்சி சொல்ல வேண்டும் என்று சைகையில் சொன்னார். சைகைமொழி மொழிபெயர்ப்பாளர் கேட்டு ஒரு மனு தாக்கல் செய்ய வேண்டும். அதை எழுதித் தர எங்கள் ஊர் சங்கத்திலிருந்து ஒரு வழக்கறிஞர் முன்வருவாரா?

அன்புடன்,
உங்கள் பழைய கட்சிக்காரர்களில் ஒருவன்