காற்று பிரிந்ததா?

அன்பு மீனா,

உன் கடிதம் வந்தது. அண்ணனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குக் கல்லூரி திறந்துவிட்டது, எனக்கு இந்த வாரம் நைட் டியூட்டி.

அடைப்பு என்று இரண்டடி சிறுகுடலை எடுத்துப்போட்ட மனிதரிடம், தினமும் காலையில் வந்து "காற்று பிரிந்ததா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்களே என்று கோபப்பட்டிருந்தாய். இத்தனை வருஷம் அறுவை வார்டில் இருந்தவள் சொல்கிறேன், அங்கே அதைவிட முக்கியமான கேள்வி கிடையாது.

வயிற்றைத் திறந்து குடலைக் கையால் தொட்டாலே அது அசைவதை நிறுத்திவிடும். வலிக்குப் போடும் மார்ஃபின் வகை ஊசி இன்னும் மந்தமாக்கும். பிறகு சிறுகுடல் ஏறக்குறைய ஒரு நாளில் இயங்கத் தொடங்கும், இரைப்பைக்கு ஓரிரு நாள் ஆகும். பெருங்குடல்தான் கடைசி, இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். காற்று பிரிந்தால் அதுவும் விழித்துவிட்டது என்று அர்த்தம்.

நம் சொல்லுக்குக் கட்டுப்படாத உறுப்பு அது. 1899இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் உள்ளே இருப்பதற்கு மேல்பக்கம் சுருங்கி, கீழ்ப்பக்கம் தளர்ந்து, குடல் தானாகவே தள்ளிக்கொண்டு போனது. அதற்கான நரம்பு வலை குடல் சுவருக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு இன்றைக்கும் இது ஆச்சரியம்தான்.

அப்புறம் அந்த மூக்கு டியூப். நாம் குடிப்பது இரண்டு லிட்டர் என்றால், எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என்று உடம்பே இன்னும் ஏழு லிட்டர் போல உள்ளே ஊற்றுகிறது. நல்ல குடல் அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டு, நூறு இருநூறு மில்லிதான் மலத்தோடு வெளியே விடும். குடல் நின்றுபோனால் அந்த நீர் தேங்கி வயிறு உப்பும், வாந்தி வரும். அதனால்தான் மூக்கு வழியாக டியூப் விட்டு அந்த நீரை வெளியே எடுத்துவிட்டு, கையில் டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள். கஞ்சி கொடுக்கவில்லையே என்று நர்ஸிடம் சண்டை போடாதே. இப்போதெல்லாம் பல இடங்களில் சீக்கிரமே சாப்பாடு தொடங்குகிறார்கள், ஆனால் இவருக்கு எப்போது என்று சர்ஜன்தான் சொல்ல வேண்டும். நீ அண்ணனைப் பிடித்து வராந்தாவில் நடக்க வை. அனுமதித்தால் சூயிங்கம் மெல்லக் கொடு. மெல்லும்போது சாப்பாடு வருகிறது என்று குடலுக்குச் செய்தி போகும்.

இனி பழையபடி சாப்பிட முடியுமா என்று கேட்டிருந்தாய். சிறுகுடல் மொத்தம் இருபது அடிக்குப் பக்கம் நீளம். இரண்டடி போனாலும் மீதி பொதுவாகச் சமாளித்துக்கொள்ளும். ஆனால் எந்தப் பகுதியை எடுத்தார்கள் என்று கட்டாயம் கேட்டு எழுதி வைத்துக்கொள். பெருங்குடலோடு சேரும் கடைசிப் பகுதி என்றால், பி12 வைட்டமினை உறிஞ்சுவது அந்த இடம்தான். ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டியிருக்கும், ஊசியும் தேவைப்படலாம். பித்த உப்பும் அங்கேதான் திரும்ப உறிஞ்சப்படுகிறது, அதனால் கொஞ்ச நாள் வயிற்றுப்போக்கு இருந்தால் பயப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி கையில் கிடைத்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. அண்ணியை ஒரு வேளையாவது வீட்டுக்கு அனுப்பித் தூங்கச் சொல்.

அன்புடன்,
வசந்தி