விசில் ஏந்திய முன்னாள் வீரர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூடைப்பந்தில் வட்டாரமே அறிந்த வீரராக விளங்கி, பின்னர் அனைவரும் மதிக்கும் நடுவரான ஒருவரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அவர் போட்ட கூடைகளை விரிவாக எழுதிய கட்டுரையாளர், நடுவர் பணியை ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தப் பணியே கடினமானது என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

நன்றாக ஆடியவர் நல்ல நடுவராவது இயல்பு என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், பல ஆண்டுகளாக ஊறிப்போன ஒரு பழக்கத்தை அவர் முதலில் கைவிட வேண்டியிருக்கிறது. ஆட்டக்காரரின் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். நடுவரின் கண் அப்படி ஓடக் கூடாது. இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித், 1891இல் வகுத்த 13 விதிகளிலேயே ஆட்களைக் கவனிக்க ஒருவர், பந்தைக் கவனிக்க ஒருவர் என்று இருவரை வைத்திருந்தார். இன்று 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள களத்தை மூன்று நடுவர்கள் பகுதி பிரித்துக் கண்காணிக்கும்போதும், பந்து இல்லாத இடத்தில் நடக்கும் இழுபறியைப் பார்ப்பது அவர்களுடைய வேலையில் பெரும்பங்கு. கூடையை நோக்கிப் பாய்பவர் ஒருவர் மீது மோதும்போது, தடுப்பவர் முன்னரே எதிராளியை நோக்கி இரு கால்களையும் ஊன்றி இடம்பிடித்திருந்தாரா, பிந்தி வந்து குறுக்கே நுழைந்தாரா என்பதைப் பொறுத்தே ஃபவுல் யார் மீது என்பது தீர்மானமாகும். அரங்கமே பந்தைப் பார்த்துக் கத்தும் அந்த நொடியில், நடுவர் தடுப்பவரின் கால்களைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆடிய அனுபவம் வீண் என்று நான் சொல்லவில்லை. பனியனைப் பிடித்து இழுப்பது, ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க) எழும்புமுன் இடுப்பால் தள்ளுவது, லேசாகத் தொட்டதற்கே மல்லாந்து விழுவது முதலியவற்றைத் தாமே ஒரு காலத்தில் செய்து பார்த்தவரை (செய்யாதவர் உண்டா என்ன!) எளிதில் ஏமாற்ற முடியாது. ஆனால் பழைய தோழர்கள் அவரிடம் சலுகையை எதிர்பார்ப்பார்கள். பழைய எதிரணியினரோ ஒவ்வொரு விசிலையும் சந்தேகிப்பார்கள்.

1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் ஆடிய லியோன் வுட், பின்னர் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் நடுவரானார். கல்லூரி அணியில் ஆடி வளர்ந்த வயலட் பால்மர், 1997இல் அந்த லீகின் முதல் பெண் நடுவர்கள் இருவரில் ஒருவரானார். பதக்கமோ பட்டமோ களத்தில் அவர்களுடைய தீர்ப்புக்கு வாதாட வராது. அன்றைய ஆட்டத்தில் அவர்கள் எங்கே நின்றார்கள், எதைப் பார்த்தார்கள் என்பது மட்டுமே அங்கு செல்லும்.

போட்டிச் செய்திகளில் அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பெயர்கள் தவறாமல் வருகின்றன. நடுவர்களின் பெயரோ தகராறு நடந்த நாளில்தான் அச்சேறுகிறது. மற்ற நாள்களிலும் புள்ளி விவரத்துக்குக் கீழே அதற்கு ஒரு வரி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கூடைப்பந்து ஆர்வலர் ஒருவர்