அப்பாவுக்கும் எனக்கும் மெடிகேப் ஏன்னு கேட்டியே கண்ணா

கண்ணா,

போன்ல நீ கேட்டப்போ குழந்தை அழுதுட்டு இருந்தான், ஒழுங்கா பதில் சொல்ல முடியல, அதான் உக்காந்து டைப் பண்றேன். 65 ஆனவங்களுக்கு இங்க அமெரிக்க அரசாங்கம் தர்ற மெடிகேர் இன்சூரன்ஸ தனியார் கம்பெனி வழியா, மாச பிரீமியமே இல்லாம வாங்கற அட்வான்டேஜ் பிளான் இருக்கும்போது, மெடிகேர் விட்ட மீதிய கட்டற தனியார் பாலிசியான மெடிகேப்புக்கு எதுக்கும்மா மாசாமாசம் காச கட்டணும்னு கேட்ட. நியாயமான கேள்விதான்டா. ஆனா நாங்க ரெண்டு பேரும் மெடிகேப்தான் எடுக்கப்போறோம். ஏன்னு நீ முழுசா தெரிஞ்சுக்கணும், நாளைக்கு எங்களுக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரி கவுன்ட்டர்ல நின்னு பேசப்போறது நீதானே.

ஜூலையோட அப்பா ரிட்டயர் ஆறார், ஆபீஸ் இன்சூரன்ஸ் அதோட முடியுது, எனக்கு ஆகஸ்ட்ல 65, அதனால ரெண்டு பேருக்குமே ஆகஸ்ட் 1 மெடிகேரோட பார்ட் பி, அதாவது டாக்டர் செலவ பாத்துக்கற பகுதி, ஆரம்பிக்குது. ஆஸ்பத்திரில அட்மிட் ஆனா குடுக்கற பார்ட் ஏ-க்கு பிரீமியம் இல்ல, அப்பா இத்தன வருஷம் இங்க வரி கட்டி வேல பாத்ததுல எனக்கும் சேத்து வந்துடுது. பார்ட் பி-க்கு இந்த 2026ல ஆளுக்கு மாசம் 202.90 டாலர். நீ சொல்ற ஜீரோ பிரீமியம் பிளான் எடுத்தாலும் பொதுவா இத கட்டித்தான் ஆகணும், அத மறந்துடாத.

இப்ப மெடிகேர் எந்த எடத்துல கைய விரிக்குதுன்னு பாரு. டாக்டர், ஸ்கேன், கீமோ இதெல்லாம் பார்ட் பி, வருஷத்துல முதல் 283 டாலர் நம்மளோடது, அதுக்கப்புறம் அவங்க 80 சதவீதம் குடுப்பாங்க, மீதி 20 நம்ம தலையில. அந்த 20-க்கு உச்சவரம்பே கிடையாதுடா! ஒரு வைத்தியத்துக்கு அவங்க ஒத்துக்கிட்ட ரேட்டே லட்சம் டாலர்னா நம்ம பங்கு 20 ஆயிரம். ஆஸ்பத்திரில அட்மிட் ஆனா தனியா 1,736 டாலர், அது வருஷத்துக்கு ஒரு தடவைன்னு நினைச்சுக்காத, டிஸ்சார்ஜ் ஆகி 60 நாள் தாண்டி மறுபடி சேத்தா மறுபடி கட்டணும். அப்பாவுக்கு சுகர், நெஞ்சுல ஸ்டென்ட் வேற. இந்த ஓட்டைய அடைக்கத்தான் மெடிகேப்.

நான் இவ்ளோ அவசரப்படுறதுக்கு காரணம் ஒண்ணே ஒண்ணுதான். பார்ட் பி ஆரம்பிச்சதுலேந்து 6 மாசம், அதாவது ஜனவரி முடியற வரைக்கும், எந்த மெடிகேப் கம்பெனியும் அப்பாவ வேணாம்னு சொல்லவோ, ஸ்டென்ட் இருக்குன்னு ரேட்ட ஏத்தவோ சட்டப்படி முடியாது. அது முடிஞ்சுட்டா, சில விதிவிலக்க தவிர, நம்ம டெக்ஸாஸ்ல அவங்க உடம்பப் பத்தி கேள்வி கேப்பாங்க, முடியாதுன்னும் சொல்லலாம். நியூயார்க், கனெக்டிகட் மாதிரி எடத்துல எப்ப வேணா வாங்கலாம், இங்க அப்படி இல்ல. இந்த ஊர்லயே எங்களுக்கு தெரிஞ்ச ஒரு மாமா அட்வான்டேஜ்ல நல்லாத்தான் இருந்தார், கேன்சர்னு வந்தப்புறம் அவர் போகணும்னு நினைச்ச பெரிய ஆஸ்பத்திரி அந்த பிளானோட நெட்வொர்க்ல, அதாவது அவங்க ஒப்பந்தம் போட்ட லிஸ்ட்ல, இல்ல, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன் அனுமதி வாங்கணும், சரி வெளிய வந்துடலாம்னா பழைய மெடிகேருக்கு திரும்பலாம், ஆனா கேட்ட மெடிகேப் கம்பெனியெல்லாம் கைய விரிச்சுட்டாங்க. 65 ஆனதும் நேரா அட்வான்டேஜ்ல சேந்தவங்களுக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப வழி இருக்கு, ஆனா வியாதி அந்த ஒரு வருஷம் பாத்தா வருது?

அட்வான்டேஜ் மோசம்னு சொல்லல. வருஷத்துக்கு உச்சவரம்பு உண்டு (இந்த வருஷம் நெட்வொர்க்குக்குள்ள அதிகபட்சம் 9,250 டாலர்), நிறைய பிளான்ல பல்லு, கண்ணாடியும் வரும், மெடிகேப்ல அது வராது. பிரீமியம் கட்ட வசதி இல்லாதவங்களுக்கு அது பெரிய உதவி. அப்பா உடம்புக்கு சரிப்படாது, அவ்ளோதான்.

இன்னொண்ணு, ஊருக்கு போறது. டிசம்பர்ல திருச்சி போனா மூணு மாசம் இருப்போம், அங்க நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரில சேத்தா மெடிகேர் ஒரு பைசா தராது. மெடிகேப்ல நாங்க பாத்து வெச்சிருக்கற பிளான் ஜி, பிளான் என் ரெண்டுலயும் வெளிநாட்டு எமர்ஜென்சிக்கு 250 டாலர் போக 80 சதவீதம் உண்டு, ஆயுசுக்கும் சேத்து 50,000 டாலர் வரைக்கும். ஆனா ஊருக்கு கிளம்பி முதல் 60 நாளுக்குள்ள ஆரம்பிக்கிற எமர்ஜென்சிக்கு மட்டும்தான். மூணாவது மாசத்துக்கு தனியா டிராவல் இன்சூரன்ஸ் எடுத்துக்கறோம்.

ரெண்டு பேருக்கும் தனித்தனி பாலிசிதான், அதனால அப்பாவுக்கு பிளான் ஜி, எனக்கு பிளான் என். ஜி எடுத்தா மெடிகேர் ஒத்துக்கற வைத்தியத்துக்கு அந்த 283 டாலர் தவிர கிட்டத்தட்ட எல்லாம் பாத்துக்கும். என்-ல பிரீமியம் கம்மி, டாக்டர பாக்க 20 டாலர் வரைக்கும், எமர்ஜென்சிக்கு 50 வரைக்கும் குடுக்கணும், மெடிகேர் ரேட்டுக்கு மேல டாக்டர் 15 சதவீதம் வரைக்கும் போட்டா அதுவும் நம்மளோடது, என் டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், அவங்க அப்படி வாங்கறதில்ல. நான் வருஷத்துக்கு மூணு நாலு தடவ போறவ, எனக்கு இது போதும். எந்த கம்பெனில வாங்கினாலும் ஜி-ன்னா அதே ஜி-தான், ரேட்டுதான் வேற வேற, அதனால கம்பெனி பேர பாக்காம, போன சில வருஷத்துல எவ்ளோ ஏத்திருக்காங்கன்னு விசாரிச்சுட்டுதான் கையெழுத்து போடுவோம். ஹைகேப்னு டெக்ஸாஸ்ல இலவசமா ஆலோசனை சொல்றாங்க, கமிஷனுக்கு ஆசப்படாத ஆளுங்க, அங்கயும் பேசிட்டோம்.

உனக்கு ரெண்டு வேல. மருந்துக்கு பார்ட் டி தனியா எடுக்கணும், எடுக்காம விட்டா பின்னாடி அபராதம் கூடவே வரும். இப்ப எடுக்கறதுக்கும் சரி, வருஷா வருஷம் அக்டோபர் 15லேந்து டிசம்பர் 7 வரைக்கும் மாத்திக்கலாமே அப்பவும் சரி, அப்பாவோட மாத்திரை லிஸ்ட்ட மெடிகேர் வெப்சைட்ல போட்டு எது கம்மியா வருதுன்னு நீதான் பாக்கணும், பிரீமியம மட்டும் பாக்காத, மாத்திரைக்கு கட்டறதையும் சேத்து பாரு. லிஸ்ட் இன்னிக்கு ராத்திரி வாட்ஸாப்ல வரும்.

ரெண்டாவது, எங்க விவரத்த மெடிகேர் உனக்கு சொல்லணும்னா எங்க கையெழுத்தோட ஒரு அனுமதி ஃபார்ம் குடுக்கணுமாம். அதுல உன் அட்ரஸ் வேணும், புது அபார்ட்மென்ட் நம்பரோட அனுப்பு. அக்காவோடதும் வாங்கிட்டேன், உன்னோடது வந்ததும் போஸ்ட் பண்ணிடறேன்.

அம்மா