வலைத்தளத்தைப் புதுப்பிக்கக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

தளத்துக்கு வருபவர்கள் கண்ணில் முதலில் படுவது புதுத் தோற்றம்தான். வேலையில் அது பாதிகூட இல்லை. பெரும்பகுதி தரவுத்தளத்துக்குள் நடந்தது. அதனால் நன்றியையும் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

தரவுத்தளத்தைப் பார்த்துக்கொண்டவருக்கு: நம் தளத்தை இயக்கும் மென்பொருள் வேர்ட்பிரஸ். 2007-இல் வந்த அதன் 2.2 பதிப்புக்கு முந்தைய நிறுவல்களில், எழுத்துக் குறியாக்கத்தை (எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை) சொல்லும் வரியே அமைப்புக் கோப்பில் கிடையாது. யூடிஎஃப்-8 என்ற உலகமொழிக் குறியாக்கத்தில் எழுதிய தமிழ், லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது) என்று பெயர் எழுதிய அட்டவணைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எழுதும்போதும் படிக்கும்போதும் அதே தவறு நடப்பதால் திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். தளம் தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பை யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் முழு யூடிஎஃப்-8-இன் பெயர்) ஆக்கியதும் குட்டு வெளிப்படும்: தலையில் சாய்கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று வரிவரியாகக் குப்பை. பதறிப்போய் அட்டவணையை நேரே யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றினால், அந்தக் குப்பையையே அசல் எழுத்தாக எடுத்துக்கொண்டு மைஎஸ்கியூஎல் இரண்டாம் முறை குறியாக்கிவிடும். நீங்கள் காட்டிய வழி இது: அட்டவணையில் கட்டுரை இருக்கும் நெடுவரிசையை முதலில் லாங்பிளாப் (வெறும் பைட் வகை) ஆக்கு, அங்கிருந்து யூடிஎஃப்8எம்பி4 லாங்டெக்ஸ்ட் (எழுத்து வகை) ஆக்கு. பிளாப்புக்கு எழுத்து என்பதே தெரியாது, பைட்டுகளை (கணினி சேமித்த எண்களை) அப்படியே விட்டுவிடும். இதை நகலில் ஓட்டிப் பார்த்த பிறகே மூலத்தைத் தொட விட்டீர்கள்.

ஒருங்குறியை (யூனிகோடை) சீராக்கியவருக்குத் தனி நன்றி. ‘கொ’ என்பதை க, ொ என்று இரண்டு குறிகளாகவும் தட்டலாம். க, ெ, ா என்று மூன்றாகவும் தட்டலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தேடினால்தான் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் இன்டல் நீட்சியில் உள்ள நார்மலைசர் என்ற கருவி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் ‘கௌ’ அதற்கு அடங்காது. ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு ‘கெள’ என்று தட்டிய இடங்கள் ஏராளம். மொத்தமாகத் தேடி மாற்றினால் ‘தெளிவு’ம் ‘கெளுத்தி’யும் சேர்ந்து கெட்டுவிடும். எனவே ‘கௌரவம்’, ‘மௌனம்’, ‘சௌகரியம்’ என்று சொல்வாரியாகப் பட்டியல் போட்டுத் திருத்தினீர்கள். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

முகவரி மாற்றத்தில் தடுக்கி விழாமல் காத்தவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபியை எச்டிடிபிஎஸ் ஆக்கத் தரவுத்தளத்துக்கு இடும் ஒரு கட்டளை (எஸ்கியூஎல்) வரி போதும் என்று தோன்றும். ஆனால் விட்ஜெட் (பக்கப்பட்டையில் வைக்கும் சிறு பெட்டி) அமைப்புகளை வேர்ட்பிரஸ் சேமிக்கும்போது ஒவ்வொரு சரத்துக்கும் (எழுத்துத் தொடருக்கும்) முன்னால் அதன் பைட் எண்ணிக்கையையும் எழுதிவைக்கிறது. ஓர் எழுத்து கூடினாலும் கணக்கு பொருந்தாது; பக்கப்பட்டை பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் காலியாகிவிடும். ஒருங்குறிச் சீரமைப்பிலும் இதே வம்புதான். பிரித்துத் தட்டிய ‘தொடர்பு’ 24 பைட், சேர்த்தது 21. வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி-மாற்று கட்டளை சரத்தைப் பிரித்து, மாற்றி, எண்ணிக்கையைத் திருத்தி மறுபடி அடுக்குகிறது. முதலில் ‘டிரை ரன்’ (எதையும் மாற்றாத ஒத்திகை) போட்டு எத்தனை இடம் மாறும் என்று பார்த்துக்கொள்ளச் சொன்னதும் நீங்களே.

பதிப்புகளை ஏணிப்படியாக ஏற்றியவருக்கு: பிஎச்பி 5.6-இல் ஓடும் தளத்தை ஒரே தாவலில் 8-க்குக் கொண்டுபோனால் வெள்ளைப் பக்கம்தான் மிஞ்சும். பிஎச்பியின் பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகள் 7.0-இலேயே போயின, ஈச், கிரியேட் ஃபங்ஷன் என்ற செயற்கூறுகள் இரண்டும் 8.0-இல் நீக்கப்பட்டன. பழைய வார்ப்புருக்களும் (தளத்தின் தோற்றத் தொகுப்புகள்) பிளகின்களும் (கூடுதல் வசதி நிரல்கள்) இவற்றை நம்பியே எழுதப்பட்டவை. மறுபக்கம், வேர்ட்பிரஸ் 6.3-உம் பிஎச்பி 5-ஐக் கைவிட்டுவிட்டது. எனவே முதலில் பிஎச்பி 5.6-இல் ஓடும் கடைசிப் பதிப்பான வேர்ட்பிரஸ் 6.2, அடுத்து பிஎச்பி 7.4, பிறகு புதிய வேர்ட்பிரஸ், கடைசியில் பிஎச்பி 8. ஒவ்வொரு படிக்கும் முன்னால் கோப்புகளுக்கும் தரவுத்தளத்துக்கும் தனித்தனி பேக்கப்.

இடுகை முகவரிகளைப் பற்றி எச்சரித்தவரையும் மறக்கவில்லை. முகவரிப் பெயருக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கும் இடம் 200 குறிகள். ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறியாக்கத்தில் (ஒவ்வொரு பைட்டையும் % போட்டு எழுதும் முறையில்) ஒன்பது இடத்தை விழுங்கும். ‘கட்டுரை’ நமக்கு நான்கு எழுத்து, ஒருங்குறிக்கு ஏழு, முகவரியில் 63. அந்த அளவில் மூன்று சொல்லுக்கு மேல் தாங்காது, தலைப்பு பாதியில் அறுபடும். முகவரிகளைச் சுருக்கும்போது திருத்துபக்கத்தின் வழியாகவே சுருக்கச் சொன்னீர்கள்: அப்போதுதான் பழைய பெயரை வேர்ட்பிரஸ் நினைவில் வைத்துப் புதியதற்குத் திருப்பிவிடும். தரவுத்தளத்தில் நேரே மாற்றியிருந்தால் வெளியே இருக்கும் சுட்டிகள் எல்லாம் ‘பக்கம் இல்லை’ என்ற 404 பிழையில் முட்டிக்கொண்டிருக்கும்.

இனி தோற்றம். சின்னத் திரைப் போன்களில் திறந்து படம்பிடித்து அனுப்பியவர்களே இதன் உண்மையான வடிவமைப்பாளர்கள். வார்ப்புருவின் தலைப்பு வரியுயரம் 1.2, ஆங்கிலத்துக்கு அது அழகு, தமிழில் ‘லீ’யின் சுழி மேல்வரியை இடிக்கும், ‘ழூ’வின் கால் கீழ்வரியை மிதிக்கும். தலைப்புக்கு 1.45, உடலுக்கு 1.75 என்று வைத்ததும் மூச்சு வந்தது. தலைப்பில் ஒளிந்திருந்த எதிர்மறை எழுத்திடைவெளியை (எழுத்துகளை நெருக்கும் அமைப்பை) பூச்சியமாக்கினோம். இருபுறமும் ஒட்டச் சீராக்குவதையும் எடுத்தோம்: தமிழ்ச் சொல் நீளமானது, குறுகிய திரையில் வரிக்கு மூன்று சொல் விழுந்தால் நடுவே வாய்க்கால் ஓடும். சாய்வெழுத்தும் போனது, தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் தனிச் சாய்வு கிடையாது, உலாவி தானே சாய்த்துவிடுகிறது. அழுத்தத்துக்குத் தடித்த எழுத்தே போதும்.

எழுத்துருவைச் சுருக்கித் தந்தவருக்கும் நன்றி. தமிழ்ப் பகுதியை மட்டும் வெட்டி வோஃப்2 (இணையத்துக்கான சுருக்கிய எழுத்துருக் கோப்பு) ஆக்கும்போது ஜிஎஸ்யுபி அட்டவணையை (எழுத்தையும் குறியையும் ஒரே வடிவமாகச் சேர்க்கும் விதிகளை) விட்டுவிட்டால் ‘கு’வும் ‘டு’வும் சேராமல் உடைந்து நிற்கும். இணைக்கும், பிரிக்கும் பூச்சிய அகலக் குறிகளையும் சேர்த்து வெட்டினீர்கள்.

புதுத் தளம் திறந்த அன்றைக்கு ‘தேடுபொறிகள் வர வேண்டாம்’ என்ற சோதனைக்காலக் குறி இன்னும் நீக்கப்படாமல் இருப்பதைக் கண்டு சொன்னவருக்குப் பெரிய கும்பிடு.

ஔகாரத் திருத்தம் இன்னும் முடியவில்லை. ‘கெள’ எங்காவது கண்ணில் பட்டால் பக்கத்தின் முகவரியோடு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
தளப் பராமரிப்பாளர்கள்