பிடிஓ பற்றிக் கேட்டாயே

நிபோங் திபால், பினாங்கு

அன்பு மகனுக்கு,

டிராக்டரில் பிடிஓ, அதுதான் பின்னால் மாட்டிய கருவியைச் சுற்றும் தண்டு, நடுவில் நின்று நின்று போகிறது, எங்கே பார்க்கணும்பா என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அடித்தால் எடுப்பதில்லை. வேலை நேரமாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கவில்லை.

யாருடைய வண்டி என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாஸி ஃபெர்குசன் 135 என்றாய். தோட்டத்தில் நான் ஓட்டியதும் அதுதான். இங்கிலாந்தில், கொவென்ட்ரியில் செய்ததென்றால் எப்படியும் உன்னைவிட மூத்தது. விற்கிறவன் பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தால் அந்தப் பெயின்ட்டுக்குக் காசு கொடுக்காதே.

முதலில் ஒன்று. பின்னால் சுற்றும் தண்டுக்கு மூடி இருக்கிறதா? பழைய வண்டிகளில் கழற்றிப் போட்டிருப்பார்கள். மூடி இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதே. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு ஒன்பது. சட்டை நுனி மாட்டினால் கையை இழுக்கணும் என்று நினைப்பதற்குக்கூட நேரம் இருக்காது. நம் லயத்தில் கடைசி வீட்டு மாமா எந்தக் கையால் சாப்பிடுவார் என்று உனக்குத் தெரியும். கைலி கட்டிக்கொண்டு வண்டிப் பக்கமே போகாதே.

இனி பழுது. பின்னால் ஸ்லாஷர் (புல் வெட்டும் கருவி) மாட்டி, அடர்ந்த புல்லில்தான் நிற்கிறது என்றால், நிற்கும்போது சீட்டில் இருந்தபடியே தண்டைத் திரும்பிப் பார். தண்டு சுற்றுகிறது, கத்திதான் நிற்கிறது என்றால் டிராக்டரைக் குறை சொல்லாதே. பளு மீறினால் அறுந்துபோகட்டும் என்று ஸ்லாஷரில் ஒரு போல்ட் வைத்திருப்பார்கள், அது போயிருக்கும். அதே மாதிரி போல்ட்டே போடு. கெட்டியான போல்ட் போட்டால் அடுத்த முறை போல்ட்டுக்குப் பதில் கியர்பெட்டி உடையும்.

தண்டே நின்றுவிட்டால் ஸ்லாஷரைத் தூக்கிப் பார். 135இல் அதைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்பைச் சுற்றுவதும் பிடிஓவுக்குப் போகும் அதே சுழற்சிதான். தூக்குகிறது, ஆனால் தண்டு சுற்றவில்லை என்றால் பம்புக்குப் பின்னால் பழுது. இரண்டும் ஒன்றாகச் செத்தால் முன்னால் தேடு, கிளட்ச்சில். எனக்கு என்னவோ கிளட்ச் என்றுதான் படுகிறது. இரட்டைக் கிளட்ச் என்றால் பெடலைப் பாதி மிதிக்கும்போது சக்கரம் நிற்கும், முழுக்க மிதித்தால்தான் பிடிஓ நிற்கும். பெடலில் கொஞ்சம் வெற்று அசைவு இருக்கணும். இல்லையென்றால் கிளட்ச் தட்டு முழுசாகக் கவ்வாது. கிளட்ச் கூட்டுக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்றும் பார். எஞ்சின் பின் சீல் போய், தட்டில் எண்ணெய் ஏறினாலும் வழுக்கும். கீழே இறங்குமுன் பிடிஓவை விடுவித்து எஞ்சினை அணைத்துவிடு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

தட்டு மாற்றுவதென்றால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்கணும். முன் அச்சு ஊஞ்சல் மாதிரி ஆடும். இரண்டு பக்கமும் கட்டை ஆப்பு அடிக்காமல் போல்ட்டைத் தளர்த்தினால் எஞ்சின் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். தனியாளாகச் செய்யாதே. உனக்குப் படிப்பு இருக்கிறது, பழக்கம் இல்லை.

டீசல் நாற்றம் உன் மேல் படக்கூடாது என்றுதான் உன்னைப் பட்டறைப் பக்கமே விடாமல் வளர்த்தேன். கோலாலம்பூரில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை என்று கோயிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வேன். போன தைப்பூசத்தில் தண்ணீர்மலையிலும் சொன்னேன். அதை மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தால் நீயே என்னிடம் சொல்லிவிடு, வெளி ஆள் வாயால் நான் கேட்கக்கூடாது. நிலத்தில் இறங்குவது ஒன்றும் தலைகுனிவு இல்லை. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. டிராக்டர் விஷயம் மருமகளுக்குத் தெரியுமா என்று அவள்தான் கேட்கச் சொன்னாள்.

வண்டியைப் பிரிக்கிற நாளை முன்கூட்டியே சொல். புக்கிட் மெர்தாஜாமில் ரயில் ஏறி வருகிறேன். ஆப்புக்கட்டைகளை நானே செதுக்கிக் கொண்டுவருகிறேன். எந்த ஊரில் இறங்கணும் என்று மட்டும் எழுது.

அப்பா