கூட ஓட்டியவர்கள் பெயரையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 ஜனவரியில், ஒரே காரைப் பல டிரைவர்கள் மாறி மாறி ஓட்டும் துபாய் 24 மணி நேர கார் ரேஸில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது நம் பத்திரிகைகள் எல்லாம் பக்கம் பக்கமாகப் போட்டன, சந்தோஷம். ஆனால் அந்த மூன்றாம் இடத்துக்குக் காரைக் கொண்டுவந்தவர்கள் மாத்யூ டெட்ரி, ஃபேபியன் டஃபியூ, கேமரன் மெக்லியாட் என்ற மூன்று டிரைவர்கள். பயிற்சியில் கார் மோதிய பிறகு அஜித் ரேஸில் அந்தக் காரை ஓட்டவில்லை, ஜிடி4 பிரிவில் வேறொரு காரை ஓட்டினார். இதை அணியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டதால் அவர் மேல் எந்தக் குறையும் இல்லை, என் குறையெல்லாம் செய்தி எழுதியவர்கள் மேல்தான். நான் படித்த வரைக்கும் அந்த மூன்று பேரின் பெயர் கடைசி பாராவில்கூட இல்லை.

53 வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் 54 வயதில், 1979-ல் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸில், எல்லாப் பிரிவுகளும் சேர்ந்த மொத்தப் பட்டியலில் இரண்டாவதாக வந்தார். 1995-ல் அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேர ரேஸில் அவர் அணி தன் பிரிவையே ஜெயித்தது, அப்போது அவருக்கு 70 வயது முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவருடனும் வேறு டிரைவர்கள் ஓட்டினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நானும் அதே தப்பைச் செய்தவன் ஆவேன்.

யார் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்பதுதான் இந்த ரேஸின் சுவாரஸ்யமே. 1950 லெ மான்ஸை ஜெயித்தவர்கள் லூயி ரோசியேயும் அவர் மகன் ஜான்-லூயியும் என்று பதிவாகியிருக்கிறது, ஆனால் மகன் ஓட்டியது இரண்டே லேப், அதாவது இரண்டே சுற்று. மீதி நேரம் முழுக்க அப்பாதான், நடுவில் இன்ஜினில் கோளாறு வந்தபோது பிட்டில் (கார்களை நிறுத்திப் பழுது பார்க்கும் இடத்தில்) இறங்கி ரிப்பேர் செய்ததும் அவரேதான். அதே வருஷம், அதே ரேஸில், எடி ஹால் என்ற ஆங்கிலேயர் போருக்கு முந்தைய காலத்து பென்ட்லி ஒன்றைக் கொண்டுவந்து 24 மணி நேரமும் தான் ஒருவராகவே ஓட்டி எட்டாவதாக முடித்தார். இணை ஓட்டுநராகப் பெயர் கொடுத்திருந்தவர் கடைசிவரை ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. ஜெயித்தவர் பெயர் எல்லாப் பட்டியலிலும் இருக்கும், எட்டாவதாக வந்த இந்த மனிதரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறம் 1952 லெ மான்ஸ். பியர் லெவே, டால்போ காரில், இரவு முழுக்க ஓட்டி விடிந்த பிறகும் இறங்க மறுக்கிறார், மாற்று டிரைவர் ரெனே மார்ஷான் பிட்டில் தயாராகக் காத்திருக்கிறார், கார் நான்கு லேப் முன்னிலையில் இருக்கிறது. இன்ஜினில் ஏதோ அதிர்வு இருந்ததாம், அதை அனுசரித்து ஓட்டத் தன்னால்தான் முடியும் என்று லெவே நினைத்தார் என்பார்கள். ரேஸ் முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது இன்ஜின் உடைந்து போனது. மெர்சிடிஸ் கார்கள் முதல் இரண்டு இடங்களை அள்ளிக்கொண்டு போயின. பிடிவாதமா, வீரமா என்று ரசிகர்கள் இன்றைக்கும் சண்டை போடுவார்கள், என்னைக் கேட்டால் முக்கால்வாசி பிடிவாதம். இன்று இப்படிச் செய்யவே முடியாது: லெ மான்ஸில் எந்த ஆறு மணி நேரத்தை எடுத்தாலும் ஒருவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, மொத்தமாக 14 மணி நேரம்தான் உச்சவரம்பு. அதனால் எடி ஹாலின் சாதனையை இனி யாரும் தொடப்போவதில்லை.

வருஷக் கணக்கில் நிலைத்தவர்கள் இன்னொரு ரகம். ஆன்ரி பெஸ்கரோலோ 1966 முதல் 1999 வரை 33 முறை லெ மான்ஸில் ஓட்டினார், அது சாதனை. இடையில் 1969 சோதனை ஓட்டத்தில் காருடன் பறந்து விழுந்து தீக்காயம் பட்டவர், அதற்குப் பிறகு வந்து நான்கு முறை ஜெயித்தார். பாப் வோலெக் 30 முறை ஓட்டியும் ஒருமுறைகூட மொத்த வெற்றி கிடைக்கவில்லை, நான்கு முறை இரண்டாம் இடம். ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து லெ மான்ஸுக்கு சைக்கிளிலேயே வந்து ரேஸில் கலந்துகொள்வார் அந்த மனுஷன். 2001 மார்ச்சில் அமெரிக்காவின் செப்ரிங் ரேஸுக்கு முன்னால், சாலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது வாகனம் மோதி இறந்தார். ஜப்பானின் யோஜிரோ தெராதா 29 முறை. ஏறக்குறைய வாழ்நாள் முழுக்க மஸ்தாவுக்காக ஓட்டியவர், ஆனால் 1991-ல் மஸ்தா ஜெயித்தபோது அவர் இருந்தது அதே அணியின் வேறொரு காரில், எட்டாம் இடத்தில். இதைவிடக் கொடுமை உண்டா!

கார்களுக்கும் இப்படி ஆயுள் கெட்டி உண்டு. 1996, 1997 இரண்டு வருஷமும் லெ மான்ஸில் யோஸ்ட் என்ற தனியார் அணிக்காக ஜெயித்தது ஒரே கார், பழைய ஜாகுவார் சட்டகத்தில் போர்ஷே இன்ஜினை வைத்துச் செய்து, வேண்டாம் என்று போர்ஷே கைவிட்ட திட்டம் அது. அந்தக் கார் போர்ஷேயின் சொந்தத் தொழிற்சாலை அணியையே வீழ்த்தியது. ஒன்பது முறை ஜெயித்து சாதனை வைத்திருக்கும் டாம் கிறிஸ்டென்சனின் முதல் வெற்றியும் 1997-ல் அதே காரில்தான்.

லெ மான்ஸில் 24 மணி நேரத்தில் ஓடிய தூரச் சாதனையும் லேசில் உடையவில்லை. 1971-ல் ஹெல்முட் மார்கோவும் கைஸ் வான் லெனப்பும் போர்ஷே 917-ல் ஓட்டிய 5,335 கிலோமீட்டர் 39 வருஷம் நின்றது. நடுவில் 1990-ல் நீண்ட நேர்பாதையின் குறுக்கே வளைவுகள் போட்டு வேகத்தைக் குறைத்ததும் ஒரு காரணம். 2010-ல் ஆடி (Audi) நிறுவனத்தின் டீசல் கார் 5,410 கிலோமீட்டர் ஓடித்தான் அதை முறியடித்தது.

நம்ம ஊர் சங்கதியும் இதில் உண்டு. 2009-ல் நரேன் கார்த்திகேயன் லெ மான்ஸ் வரை போய், ரேஸ் தொடங்கும் முன் பிட் சுவர் அருகே விழுந்ததில் தோள்பட்டை விலகி ஓட்ட முடியாமல் போனது. மூன்று பேருக்கான வேலையை மீதி இருவர், ஆந்த்ரே லோட்டரரும் சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மனும், பங்குபோட்டு ஓட்டி ஏழாவதாக முடித்தார்கள். நரேனின் தோள்பட்டையைப் பற்றி அப்போது படித்தது நினைவிருக்கிறது, அந்த இருவரைப் பற்றி ஒரு வரி படித்த நினைவில்லை. 2012-ல் சென்னையின் கருண் சந்தோக் அங்கே ஓட்டிய முதல் இந்தியர் ஆனார், டேவிட் பிராபம், பீட்டர் டம்ப்ரெக் இருவருடன் சேர்ந்து ஆறாவது இடம்.

கோரிக்கை ஒன்றுதான். இனி 24 மணி நேர ரேஸ் முடிவு போடும்போது அந்தக் காரை ஓட்டிய எல்லோர் பெயரையும், முடிந்தால் யார் எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இடமில்லை என்றால் படத்தைச் சின்னதாக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.