ஆர்க்கிட் வளர்ப்போர் சங்கம், மொரிஷியஸ்: 2024 ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு ஜனவரிக் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. 15-ஆம் தேதி பெலால் புயல் மழையில் போர்ட் லூயிஸ் தெருக்கள் வெள்ளக்காடாயின. தைப்பூசத்துக்குப் பத்தே நாள் இருந்தது. காவடிக்கென்று டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட் பூவைப் பார்த்துப் பார்த்து வளர்த்த சிலரால் அதைக் கொடுக்க முடியாமல் போனது.

அப்புறம்தான் புள்ளி விழுந்த இலைகளோடு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். எல்லோரும் கேட்டது, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதைத்தான். மருந்துக்கு முன்னால் இலையைத் தொட்டுப் பாருங்கள் என்றே ஆண்டு முழுக்கச் சொல்லி வந்தோம். புள்ளி ஈரமா, காய்ந்ததா? நேற்றைக்கு இன்று வளர்ந்திருக்கிறதா? வெயில் படும் பக்கத்தில் மட்டும் இருக்கிறதா?

ஃபலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் இலையில் கொப்புளம்போல நீர் கோத்து, மஞ்சள் வளையம் கட்டி, மளமளவென்று பரவினால் அது பாக்டீரியா. தண்ணீர் தெறித்தே பக்கத்துத் தொட்டிக்குப் போகும். குருத்தை எட்டிவிட்டால் செடி பிழைப்பது கடினம். அன்றைக்கே, ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால், நல்ல பகுதியும் கொஞ்சம் சேர்த்து வெட்டிவிட வேண்டும். வெட்டுவாயில் சமையல் லவங்கப்பட்டைத் தூள் தடவலாம், வேரில் படக்கூடாது, வேர் காய்ந்துவிடும். பூஞ்சைப் புள்ளி நிதானமாக வரும்: பெரும்பாலும் அடிப்புறம் மஞ்சளாகத் தொடங்கி, பிறகு குழிந்து கருக்கும். வெயில் சுட்ட இடம் வெளுத்துக் காய்ந்து அப்படியே நின்றுவிடும். அதற்கு நிழல் போதும், மருந்து வேண்டாம்.

இதில் என் அனுபவத்தையும் சொல்லியாக வேண்டும். கடையில் சொன்னதை நம்பி எல்லாத் தொட்டிக்கும் தாமிர மருந்து அடித்தேன். டென்ட்ரோபியத்துக்குத் தாமிரம் ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. அம்மா வைத்துவிட்டுப் போன செடி இலையெல்லாம் கருகி உதிர்ந்தது. வேறு ஒருவருக்கும் அது நேரக்கூடாது.

பூ விஷயத்தில் நம் தீவே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கீழ்ப்பகுதிப் போர்ட் லூயிஸ்காரர்கள் பூக்கவில்லை என்கிறார்கள். மேட்டுநிலத்துக் கியூர்பிப்காரர்கள் தூறலில் புள்ளி தீரவில்லை என்கிறார்கள். ஃபலனாப்சிஸ் பூத்தண்டு விடச் சில வாரம் இரவுக் குளிர் வேண்டும். எனவே ஜூலை, ஆகஸ்டில் கீழ்ப்பகுதி உறுப்பினர்களின் தொட்டிகளைக் கியூர்பிப் வராந்தாக்களில் வைத்துப் பார்த்தோம். பல தொட்டிகளில் தண்டு வந்தது! அந்த வீட்டுக்காரர்கள் காலையில் மட்டும் தண்ணீர் விட்டு, தொட்டிகளைக் காற்றோட்டமாகத் தள்ளித் தள்ளி வைத்துக் காப்பாற்றினார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

நோபிலே வகை டென்ட்ரோபியத்துக்குக் குளிர்காலத்தில் உரத்தை நிறுத்தி, தண்ணீரையும் குறைக்க வேண்டும். இல்லையென்றால் பூ வர வேண்டிய கணுவில் கன்றுதான் வரும். இலை கரும்பச்சையாக இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

தொட்டிகளைக் கியூர்பிப் வீடுகளில் வைப்பதை அடுத்த ஆண்டும் தொடர விரும்புகிறோம். ஆனால் வைரஸுக்கு மருந்தே கிடையாது, ஒரே கத்திரி பட்டாலே தொற்றிவிடும். ஆகவே தொட்டியில் பெயர்ச்சீட்டு, ஒவ்வொரு செடிக்கும் புது பிளேடு என்ற விதியோடு இந்த அறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்